பட்டையில் வைத்த குறி

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஓசூரில் அந்தப் பெயரை ஒருமுறை கெடுத்தவன் நான். மறுபடி அதை எடுத்துப் புழங்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மேஸ்திரி என்றே சொல்கிறேன். அன்றும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம்.

லாரிக்குப் பட்டை கட்டுகிறவர் அவர். லாரியின் பின்சக்கரத்தை ஒட்டி, வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி இறுக்கிக் கட்டியிருப்பார்கள் அல்லவா, அதுதான் பட்டை. ஏற்றுகிற சுமை முழுவதும் அதன்மேல்தான் உட்காரும். அறுபதுகளின் கடைசி அது. இன்றைய தொழிற்சாலைகள் எதுவும் அப்போது ஓசூருக்கு வந்திருக்கவில்லை. பெங்களூர் ரோட்டோரம் லாரிகள் நிற்கும் ஒரு மைதானம், ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, அவற்றுக்குப் பின்னால் மேஸ்திரியின் ஓலைக் கொட்டாய். அவ்வளவுதான்.

வீட்டில் அவர் தெலுங்கு. எங்களிடம் தமிழ். மைசூர் பக்கத்து டிரைவர்கள் வந்தால் கன்னடம். எந்தப் பேச்சிலும் பேரம் பேசத் தெரியாது. ஆனால் யாராவது பட்டையிடம் தப்பாக நடந்துகொண்டால் மட்டும், எதிரில் நிற்பவன் எந்த ஊர்க்காரன் என்று யோசிக்க நேரமில்லாதவர் மாதிரி மூன்று பாஷையையும் சேர்த்து விடுவார்.

"வேணாம். வத்து. பேடா."

கத்தமாட்டார். கையை மட்டும் குறுக்கே நீட்டிக்கொண்டு சொல்வார். பட்டையை லாரியிலிருந்து கீழே போடப் போனவன் அப்படியே தாங்கிப் பிடித்துக்கொள்வான். மைதானத்தில் அதைச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்வார்கள். டீக்கடையில் இரண்டாவது வடையை அவர் தட்டில் வைத்தால், பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்கு முந்திக்கொண்டு மூன்று பாஷையிலும் மறுப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே அந்த வடையைத் தின்றுவிடுவார்.

தன் உடம்பைப் பற்றியோ உடுப்பைப் பற்றியோ அவருக்கு எந்தக் கவலையும் கிடையாது. அவர் சட்டை என்ன நிறத்தில் வாங்கப்பட்டது என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கிரீஸும் எண்ணெயும் ஏறி எல்லாச் சட்டையும் ஒரே கறுப்பு. ஆனால் பட்டையை வெறும் தரையில் வைக்கமாட்டார். சாக்கு விரித்துத்தான் வைப்பார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். பிறகு வலதுகைக் கட்டைவிரல் நகத்தை, அந்த ஒரு நகத்தை மட்டும் அவர் வெட்டுவதில்லை, பட்டையின் மேல்பக்கத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக இழுத்துக்கொண்டு போவார். நகம் எங்காவது தட்டினால் நின்றுவிடுவார். தட்டிய இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரு வட்டம் போடுவார். வட்டம் விழுந்த பட்டை மறுபடி லாரிக்குப் போகாது. எத்தனை கெஞ்சினாலும் போகாது. கொட்டாய்க்கு வெளியே ஒரு குவியல் இருக்கும், அதில் சேர்ந்துவிடும். ஜவளகிரிப் பக்கத்திலிருந்து குடியானவர்கள் வந்து அரிவாள் அடிக்கவும் களைக்கொத்து அடிக்கவும் அதிலிருந்து எடுத்துப்போவார்கள்.

ஒருமுறை ஒரு லாரிக்குப் பாடி கட்டுகிறவன் கேஸ் வெல்டிங்கைக் கொளுத்திக்கொண்டு பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தான். மேஸ்திரி சாப்பாட்டில் இருந்தவர், சோற்றுக் கையோடு எழுந்து ஓடினார். இரண்டு சாக்கைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பட்டைமேல் போர்த்தினார். அவன் வேலை முடியும்வரை பக்கத்திலேயே குந்தி, சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். கையில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"ஒரு பொட்டுப் பொறி உழுந்தா என்ன ஆயிடப்போவுது மேஸ்திரி?" என்று அவன் கேட்டான்.

"ஒண்ணும் ஆவாது. இன்னிக்கி ஒண்ணும் ஆவாது" என்றார்.

இந்த ஆளுக்குத்தான் எங்கள் வட்டாரத்தில் திருட்டுப் பெயர் இருந்தது. காரணம் இதுதான். அந்தக் காலத்தில் லாரி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சாமானிலும் தங்கள் குறியை வைப்பார்கள். ஜாக்கி, பேட்டரி, சக்கரம், பட்டை எதையும் விடமாட்டார்கள். பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வந்தால் நல்லதை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்கள் என்ற பயம். பட்டையில் குறி வைப்பதென்றால் உளியால் வெட்டித்தான் வைக்கவேண்டும், பெயிண்ட் நிற்காது. மற்ற பட்டறைகளில் ஓனர் முன்னாலேயே வெட்டிக் கொடுப்பார்கள். மேஸ்திரி கொட்டாயில் உளியே கிடையாது. கேட்டால் சுண்ணாம்பால் எழுதிக் கொடுப்பார். சுண்ணாம்பு ஒரு மழையில் போய்விடும்.

கல்லாவியிலிருந்து வந்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஓனர் ஒருவர் இதை வைத்து அவரிடம் சண்டைக்கே போனார்.

"எம் பட்டையில எங்குறிய நான் வெட்டறன். உனக்கு எங்க வலிக்குது?"

"எனக்கு வலிக்கலீங்க. பட்டைக்கு மேல்பக்கந்தான் இழுபடற பக்கம். அங்க ஒரு வெட்டு உழுந்தா, லோடு ஏறி எறங்கறப்பல்லாம் அது வாயத் தொறக்கும். தெனம் ஒரு மயிரு அளவு. கண்ணுக்குத் தெரியாது. தெரியற அன்னிக்கி வண்டி கவுந்திருக்கும்."

கல்லாவிக்காரர் போய்விட்டார். போனவர் டீக்கடையில் உட்கார்ந்து, "உளி வெக்க உடாதவன் எதுக்கு உடமாட்டான்? மாத்தறதுக்குத்தான்" என்று சொன்னார். அதை நாலு பேர் கேட்டார்கள். அந்த நாலு பேரில் நான் ஒருவன்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்களுக்கு மத்திகிரிப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. கோயிலுக்குத் தவறாமல் போகிற கிறிஸ்தவக் குடும்பம். என் மனைவியின் தம்பிக்கு வண்டி ஓட்டத் தெரியும். ஒரு காணியை விற்று, பழைய லாரி ஒன்றை வாங்கி அவனை ஓட்டச் சொன்னேன். எங்கள் வீட்டில் குறி இல்லாத பொருள் ஒன்று கிடையாது. ஒரு சிலுவை, அதன் கீழே ஒரு படுக்கைக் கோடு. என் அப்பா மாட்டுத் தொடையில் அதைச் சுட்டார், கலப்பையில் வெட்டினார், சாக்கில் எழுதினார், அண்டாவில் பொறித்தார். குறி வைக்காத பொருள் நம்முடையதே இல்லை என்று கேட்டு வளர்ந்தவன் நான். லாரி வந்த அன்றே ஜாக்கியிலும் தண்ணீர் டின்னிலும் அதை வெட்டிவிட்டேன்.

அப்போது சுற்றுவட்டாரத்தில் திராட்சைத் தோட்டங்கள் வந்துகொண்டிருந்தன. பந்தலுக்குக் கல்தூண் ஏற்றிப்போக லாரி கேட்டார்கள். கல்தூண் ஏற்றினால் எங்கள் வண்டியின் பின்பக்கம் படுத்துவிடும். பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டுத் தூக்கிவிடலாம் என்று மச்சான் சொன்னான். மேஸ்திரியிடம் போனோம். அவர் வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"பட்டைய சேக்கறது பெரிய வேல இல்லீங்க மொதலாளி. சேத்ததக் காப்பாத்தறதுதான் வேல. மொத லோடு ஏத்தினதும் லோடோட இங்க வரணும், அப்பத்தான் போல்ட்ட இறுக்குவன். சும்மா நிக்கற வண்டியில இறுக்கினது நெலைக்காது. நெருப்பு கிட்ட வரக்கூடாது. மேல ஒரு கீறல் படக்கூடாது. இதுக்கெல்லாம் சரின்னா செய்யறன். இல்லன்னா வேணாம், வத்து, பேடா."

சரி என்றேன். மச்சான் சிரித்தான்.

மறுநாள் பட்டைகளை எல்லாம் கழற்றிச் சாக்கின்மேல் வரிசையாக வைத்திருந்தார். நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டார். எங்கள் வண்டியின் மெயின் பட்டை இரண்டும், அதாவது அடுக்கின் உச்சியில் உட்காரும் நீளப் பட்டைகள், பழைய வண்டிக்கு ஆச்சரியமாக ஒரு கீறலும் இல்லாமல் இருந்தன. "நல்ல சாமானு. இப்பக் கெடைக்காது" என்று இரண்டையும் தட்டிக்கொடுத்தார். உச்சி வெயில். சாப்பிடப் புறப்பட்டார்.

"மொதலாளி, கொஞ்சம் பாத்துக்கங்க. நாய் மாடு ஏறாம. யாரும் மேல கால வெக்காம" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நல்ல சாமான், இப்போது கிடைக்காது என்று அவர் சொன்னதுதான் என் மண்டையில் நின்றது. கல்லாவிக்காரர் சொன்னதும் கூடவே வந்து உட்கார்ந்தது. இந்த ஆள் இதை ஏன் இவ்வளவு தட்டிக்கொடுக்கிறார்? நாளை நான் வராதபோது மாற்றிவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? காவலுக்கு உட்கார்த்திவிட்டுப் போனவரையே சந்தேகப்பட்டேன். லாரியின் டூல் பெட்டியில் உளி இருந்தது. எடுத்துவந்து, இரண்டு மெயின் பட்டையிலும் நடுப்பகுதிக்கு ஒரு சாண் தள்ளி, மேல்பக்கத்தில், சிலுவையும் கோடும் வெட்டினேன். இரும்பு கடினம். நாலைந்து அடி பலமாகவே போடவேண்டியிருந்தது. பிறகு அவர் டப்பாவிலிருந்தே கிரீஸ் எடுத்துப் பூசி மறைத்தேன். அந்த வேலையை முடித்தபோது எனக்குக் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் வந்து பட்டைகளைப் பக்கவாட்டில் பிடித்துத் தூக்கி அடுக்கினார். ஏற்கெனவே பார்த்த பட்டை, நடுவில் நம்பிக்கையான ஆள் காவல். மறுபடி எதற்கு நகம் ஓட்டப்போகிறார்? மாலைக்குள் வண்டி நிமிர்ந்து நின்றது. சொன்னபடி முதல் லோடோடு போனோம், போல்ட்டை இறுக்கிக் கொடுத்தார். மச்சான் சந்தோஷத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

மூன்றாம் மாதம் சூளகிரி இறக்கத்தில் இடதுபக்க மெயின் பட்டை முறிந்தது. பின் அச்சு ஒருபக்கம் இழுத்துக்கொள்ள, கல்தூண் லோடோடு வண்டி ரோட்டோரப் புளியமரத்தில் சாய்ந்து நின்றது. மச்சானின் கை கதவுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்தான். இடதுகையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன.

முறிந்த பட்டையின் ஒரு துண்டை யாரோ டீக்கடைக்கு எடுத்து வந்து போட்டார்கள். இன்னொரு துண்டு வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டனுப்பினார்கள். கல்லாவிக்காரர் முன்வரிசையில் இருந்தார். நானும் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தேன், சட்டையில் மச்சானின் ரத்தம்.

மேஸ்திரி துண்டை மடியில் வைத்து முறிந்த வாயைப் பார்த்தார். மேல் ஓரத்தில் பிறை அளவுக்கு அழுக்குக் கறுப்பு. மீதி எல்லாம் புது வெள்ளி.

"இது நேத்து ஒடஞ்சதில்ல. மூணு மாசமா ஒடஞ்சினு இருந்திருக்குது" என்றார். பிறகு நகத்தை ஓட்டினார். முறிவின் விளிம்பில் நகம் நின்றது. "இங்க உளி பட்டிருக்குது."

முறிவு என் குறியின் நடுவே போயிருந்தது. அந்தத் துண்டில் பாதிக் கோடும் சிலுவையின் ஒரு கையும்தான் மிச்சம். பார்ப்பவர்களுக்கு அது வெறும் வெட்டு.

"உங்கொட்டாயில நடந்தது. உளிய நீ வெச்சியா உன் ஆளு வெச்சானா? இல்ல, இது அவங்க பட்டையே இல்லியா?" என்று கல்லாவிக்காரர் கேட்டார்.

"எங்கொட்டாயில உளி இல்லீங்க" என்றார் மேஸ்திரி. அவர் கண் கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு வந்து என்னிடம் நின்றது. முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. சாட்சி கிடைத்துவிட்டது என்ற தெளிச்சி. "மொதலாளி, நீங்க அன்னிக்கிப் பூரா கூடவே இருந்தீங்க. நீங்க சொல்லுங்க. எங்கொட்டாயில உளியப் பாத்தீங்களா?"

"நான் கவனிக்கல மேஸ்திரி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவர்மேல் நான் பழி எதுவும் போடவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அன்று அந்த இடத்தில் வேறு பழி தேவையே இருக்கவில்லை. கூடவே இருந்த ஓனரே கவனிக்கவில்லை என்கிறார் என்றால் என்ன அர்த்தம்? ஒரு வாரத்துக்குள் கொட்டாய்க்கு வண்டி வருவது நின்றது. மைசூர் டிரைவர்கள்கூட நிறுத்தாமல் போனார்கள். மச்சான், கையில் கட்டோடு, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கொட்டாயைப் பார்த்துக் காறித் துப்பினான். நான் பக்கத்தில் நடந்துகொண்டிருப்பேன். துப்பாதேடா என்று ஒருநாளும் சொன்னதில்லை.

செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "பொய் சொன்னேன் சாமி" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டேன். பரிகாரமாகப் பத்து அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். சாமியாரையும் ஏமாற்றினேன் என்பதை அடுத்த முறையும் சொல்லவில்லை.

வண்டியை வேறிடத்தில் பழுது பார்த்தோம். இடது பக்கம் மட்டும் பட்டை மாற்றினார்கள். வலதுபக்க மெயின் பட்டையிலும் அதே குறி இருக்கிறது, அதுவும் வாய் திறந்துகொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். இதையும் மாற்றுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். நாளை சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். மச்சான் எட்டு விரலோடு ஸ்டியரிங் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தான். அடுத்த லோடுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை, மேஸ்திரி சைக்கிளில் மத்திகிரிக்கு வந்தார். பின்னால் நீளமாக ஒரு பட்டை கட்டியிருந்தது. மச்சான் கட்டு பிரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். மேஸ்திரி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக வண்டியின் வலதுபக்கம் போய்க் குனிந்து, மெயின் பட்டையின் மேல் நகத்தை ஓட்டினார். நின்றது. துணியால் கிரீஸைத் துடைத்தார். முழுக் குறி தெரிந்தது. பக்கத்தில் கிடந்த ஜாக்கியைப் பார்த்தார். தண்ணீர் டின்னைப் பார்த்தார். வாசலில் என் மனைவி கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவையும் பார்த்தார். எல்லாவற்றிலும் சிலுவை, கீழே ஒரு கோடு.

அவர் ஜாக்கியை எடுத்து வண்டியைத் தூக்கினார். பகல் முழுக்கத் தனியாக வேலை செய்து அந்தப் பட்டையை எடுத்துவிட்டு, கொண்டுவந்ததைப் போட்டார். என் மனைவி கொடுத்த மோரை வாங்கிக் குடித்தார். எடுத்த பட்டையைச் சுவரோரம் சாத்தி, வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, குறியைச் சுற்றிச் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்.

"உங்களுக்காக வரலீங்க. நாளைக்கி வண்டியில அந்தப் புள்ள உக்காரப் போவுது" என்றார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "மேஸ்திரி, தப்புப் பண்ணிட்டன். வர ஞாயித்துக்கெழம மைதானத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிடறன்."

சொல்லும்போதே எனக்கு ஒரு கணக்கு இருந்தது. பெரிய மனது படைத்த மனிதர். கையைக் குறுக்கே நீட்டுவார், வேணாம் என்பார், மூன்று பாஷையிலும் சொல்வார். நான் சொல்ல வந்தவன் என்ற பெயரும் எனக்கு மிஞ்சும், சொல்லாமலும் தப்பித்துக்கொள்ளலாம்.

அவர் கையை நீட்டவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"சரிங்க. சொல்லுங்க" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இது என்ன, நம்ம குறி போட்டிருக்குது?" என்று கேட்டாள். பழைய இரும்பு என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மைதானத்துக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், அந்தத் தைரியமும் இல்லை. டீக்கடையில் எல்லாரும் இருந்தார்கள். கல்லாவிக்காரர் இருந்தார். எல்லாருக்கும் பின்னால், பஞ்சர் கடை ஓரம், மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவியிருந்தார். கைகளை விரல் இடுக்குவரை தேய்த்துக் கழுவியிருந்தார். அன்று அவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சட்டை.

நான் ஒரு டீ வாங்கினேன். கல்லாவிக்காரர் பக்கத்தில் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன். இந்த வருஷம் புளி எப்படி என்று அவரைக் கேட்டேன். அவர் நீளமாகச் சொன்னார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து, பஞ்சர் கடை இல்லாத பக்கமாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.